பேட்டன் கோலுக்கு எவ்வளவு முடியும்? முரசுமோட்டையில் போட்ட கணக்கு

"பெரியம்மா, இதுக்குப் போட்டி எல்லாம் இருக்குதாம். நான் போறதெண்டால் எவ்வளவு முடியும்?"

பேட்டன் என்ற கோலைச் சுழற்றும் விளையாட்டைப் பற்றித் தங்கையின் மகள் இப்படிக் கேட்டபோது அவளுடைய கையில் இருந்தது ஒரு திரைச்சீலைக் கம்பி. சீலை தொங்கவிடும் அந்த மெல்லிய குழாயை 24 அங்குலத்துக்கு அளந்து அறுத்து, இரண்டு நுனியிலும் ஊன்றுகோலுக்குப் போடும் றப்பரை மாட்டியிருந்தாள். ஊன்றுகோல் றப்பர் வன்னியில் தேடி அலைய வேண்டிய பொருள் இல்லை. ஏன் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. அந்தக் கம்பியை விரலிடுக்கில் வைத்துச் சுழற்றினாள், மேலே எறிந்தாள், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிப் பிடித்தாள். முதல் தடவை விழுந்தது. இரண்டாவது தடவை பிடித்துவிட்டாள். கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் எங்கள் முற்றத்தில் நின்ற எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவளுக்குப் பதின்மூன்று வயது. பாடசாலையில் பாண்ட் லீடர். மாசியில் நடந்த இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடைக்கு முன்னால் கோல் பிடித்து நடந்தவள் அவள்தான். அதற்குப் பிறகு போனில் யாரோ அனுப்பிய வீடியோவில் ஒரு ஜப்பானியப் பெண் மூன்று கோலை ஒரே நேரத்தில் சுழற்றுவதைப் பார்த்திருக்கிறாள், அன்றிலிருந்து இதே நினைப்பு. அவள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அப்புறம் ஒரு கொப்பி எடுத்து, வாசித்ததையும் விசாரித்ததையும் எழுதி எழுதிக் கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு விளையாட்டுகளின் பெயரில் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்படுகிறது, பதில் மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

கணக்கில் தெரிய வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல் வாங்கும் காசு பெரிய காசே இல்லை. தோற்றுக்கொண்டிருக்கும் வரைக்கும் இது தாங்கக்கூடிய விளையாட்டு. பிள்ளை வெல்லத் தொடங்கும்போதுதான் வீட்டுக்குச் செலவு தொடங்குகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எங்கள் பாண்ட் லீடர் பிடிப்பது மேஸ். கனமானது, உயரமானது, தலைப்பக்கம் பெரிய குமிழ் இருக்கும், உடம்பில் சங்கிலி சுற்றியிருக்கும். அதன் வேலை சைகை காட்டுவது. ட்ரம் சத்தத்துக்கு நடுவே பின்னால் வரும் பிள்ளைகளுக்கு எப்போது தொடங்குவது, எங்கே திரும்புவது, எப்போது நிறுத்துவது என்று சொல்லும் கோல் அது. பிரித்தானிய இராணுவ வாத்தியக் குழுக்களின் வழக்கம், எங்கள் பாடசாலைகளுக்கும் அந்த வழியாகத்தான் வந்தது. பேட்டன் வேறு. சுண்டுவிரலை விட மெல்லிய உருக்குத் தண்டு, குரோம் பூசியது, ஒரு நுனியில் பெரிய றப்பர் குண்டு, மற்ற நுனியில் சிறிய குண்டு. பெரிய குண்டு கனம் என்பதால் கோலின் சமநிலைப் புள்ளி சரி நடுவில் இருக்காது, அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும். சுழற்சியின் இரகசியமே அந்தக் கொஞ்சத்தில்தான் இருக்கிறது. திரைச்சீலைக் கம்பியில் இரண்டு பக்கமும் ஒரே றப்பர், அதனால்தான் அவள் எறியும்போது கோல் சிலவேளை சோம்பலாகத் திரும்புகிறது. ஒரு பக்கத்து றப்பருக்குள் பழைய நாணயம் ஒன்றை வைத்து அழுத்திப் பார்த்தாள், கொஞ்சம் சரிவந்தது.

அமெரிக்காவில் 1930களில் பாடசாலை, பல்கலைக்கழக பாண்ட் குழுக்களுக்கு முன்னால் கோல் சுழற்றிக்கொண்டு போகும் பெண்கள் பெயர்பெறத் தொடங்கினார்கள். அந்த நடை மெல்ல மெல்ல நடனமும் ஜிம்னாஸ்ரிக்கும் கலந்து தனி விளையாட்டானது. 1945இல் அங்கே தேசிய பேட்டன் சங்கம் ஒன்று உருவானது, 1977இல் உலகக் கூட்டமைப்பு, 1980இல் சியாற்றிலில் முதலாவது உலகப் போட்டி. இன்று ஜப்பான், அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி எல்லாம் பெரிய அணிகள். ஒலிம்பிக்கில் இது இல்லை. இந்த ஒரு விசயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுக்குப் பல நாடுகளில் அரசாங்கக் காசு கிடைப்பது கடினம். அதனால் செலவு அம்மா அப்பாவின் தலையில் வந்து நிற்கிறது. அமெரிக்காவிலும் அப்படித்தான், அங்கே பெற்றோர் கேக் விற்றும் கார் கழுவியும் காசு சேர்க்கிறார்கள்.

சரி, கோலில் தொடங்குவோம். நல்ல போட்டிக் கோல் ஒன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 30 முதல் 50 டொலர். 40 என்று வைத்து, ஒரு டொலர் 300 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 12,000 ரூபாய். எங்களுக்கு ரூபாயை விட நெல்லில் சொன்னால்தான் விளங்கும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை நாட்டு நெல் கிலோ 120 ரூபாய், அந்த விலைக்கு 100 கிலோ நெல். முடியாத காரியம் இல்லை. ஆனால் கோலின் நீளம் கை நீளத்துக்குப் பொருந்த வேண்டும், அங்குலம் அங்குலமாக அளவு விற்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அடுத்த அளவு தேவைப்படும். சீமெந்துத் தரையில் விழுந்து விழுந்து தண்டு வளையும், வளைந்த கோல் போட்டிக்கு உதவாது. இரண்டு கோல், மூன்று கோல் பிரிவுகளில் ஆடுகிற பிள்ளைக்கு ஒரே கனத்தில் மூன்று வேண்டும், கையிருப்புக்கு இன்னும் ஒன்றிரண்டு. இங்கே கடையில் கிடைக்காது, வெளியிலிருந்து எடுப்பித்தால் அனுப்பும் கூலி கோலின் விலையோடு போட்டி போடும். மேஸ் என்றால் பரவாயில்லை, பாகிஸ்தானின் சியால்கோட்டில் பாண்ட் சாமான்கள் செய்து உலகமெல்லாம் அனுப்புகிறார்கள், கொழும்பு வழியாக எடுக்கலாம். பேட்டன் அப்படி இல்லை.

அடுத்தது இடம். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் எங்கள் பக்கத்துக்கு இதுதான் முதல் பிரச்சினை. பெரிய பிள்ளைகள் கோலை வீட்டுக் கூரைக்கும் மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் இரண்டு, மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிக்கிறார்கள். அதற்கு உயரமான கூரையுள்ள உள்ளரங்கு வேண்டும். வெளியில் பழகலாமே என்று கேட்கலாம். கேட்பவர்கள் வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்றைக் கிளிநொச்சியில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். குழந்தைகளின் பட்டம் எல்லாம் அறுந்து ஓடும் காற்று. எறிந்த கோல் எறிந்த இடத்துக்கு வராது, புழுதி கண்ணில் விழும், மேலே பார்க்கவே முடியாது. மாரியில் மழை. ஆக வருடத்தில் வெளியே ஒழுங்காகப் பழகக்கூடிய மாதங்கள் தை முதல் சித்திரை வரைதான், அதிலும் வெயிலுக்கு முன்னால் காலை, வெயிலுக்குப் பின்னால் பின்னேரம். மண்டபம் வாடகைக்கு எடுத்தால் மணித்தியாலக் கணக்கு, கலியாண வீடு இல்லாத நாளாகவும் பார்க்க வேண்டும்.

பயிற்றுநர் செலவுதான் எந்த நாட்டிலும் மிகப் பெரிய பகுதி. ஒரு கோல் பத்து வருடம் இருந்தாலும் பயிற்சி வாராவாரம் வேண்டும். அமெரிக்காவில் தனி வகுப்பு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று எடுக்கிறார்கள், போட்டிக்குப் போகும் பிள்ளைகள் அதோடு நடன வகுப்பும் ஜிம்னாஸ்ரிக் வகுப்பும் போகிறார்கள், ஆட்டத்தை அமைத்துக் கொடுப்பவருக்கு வேறு காசு, இசையை வெட்டி ஒட்டிக் கொடுப்பவருக்கு வேறு. போட்டிக்குப் பயிற்றுநரை அழைத்துப் போனால் அவருடைய பயணமும் தங்குமிடமும் பிள்ளைகளுக்குள் பங்கு. எங்களிடம் அந்தப் பயிற்றுநரே இல்லை. போனில் பார்த்துப் பழகலாம், பழகுகிறாள், ஆனால் மணிக்கட்டு எந்த இடத்தில் மடிய வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும், பிழையாகப் பழகியதைத் திருத்துவது புதிதாகப் பழகுவதை விடக் கடினம். பாண்ட் பழக்கும் மாஸ்ரர்மாரே எங்கள் பக்கத்தில் குறைவு, வவுனியாவில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ கிழமைக்கு ஒருநாள் வருகிறவர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் படியில் மோட்டார் சைக்கிள் பெற்றோல் போக மிச்சம் எவ்வளவு என்று நினைத்தால் அவர்கள் வருவதே பெரிய காரியம்.

உடுப்பு. பேட்டன் போட்டியில் பனிச்சறுக்கு நடனக்காரர்கள் போடுவது போன்ற உடல் ஒட்டிய உடுப்பு, அதில் கண்ணாடிக் கற்கள் ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டியிருக்கும். ஒரு உடுப்பு சில நூறு டொலருக்குக் குறையாது. 500 டொலர் என்று எடுத்தால் ஒன்றரை லட்சம் ரூபாய், நெல்லில் 1,250 கிலோ, ஒரு ஏக்கர் விளைச்சலில் பெரும் பகுதி ஒரு சட்டைக்குப் போய்விடும். பிள்ளை வளரும், அடுத்த வருடம் போட முடியாது. ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு உடுப்பு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கற்கள் மதிப்பெண் தருவதில்லைதான், சட்டத்தில் அப்படி எங்கும் எழுதியில்லை, ஆனால் மற்ற எல்லாப் பிள்ளையும் மின்னும்போது மின்னாமல் நிற்கும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்பது தாய்க்குத் தெரியும். அதனால்தான் தாய்மார் கடன்பட்டும் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

நுழைவுக் கட்டணம் ஒரு போட்டிக்கு ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். பிழை. ஒரு பிரிவுக்கு ஒன்று. தனி ஆட்டம், இரண்டு கோல், மூன்று கோல், நடை, நடனம், சோடி, குழு என்று பிரிவுகள் இருக்கின்றன, ஒரு பிள்ளை ஒரே நாளில் நான்கு ஐந்தில் நிற்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காசு. அதற்கு முன்னால் சங்கத்தில் அங்கத்துவக் கட்டணம். அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருப்பதால் இரண்டிலும் போட்டியிட விரும்புகிறவர்கள் இரண்டிலும் கட்ட வேண்டும்.

இனி நான் முதலில் சொன்ன விசயத்துக்கு வருகிறேன். அங்கே பிள்ளைகளைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: புதியவர், தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை. குறிப்பிட்ட தடவைகள் முதலிடம் எடுத்தால் அடுத்த படிக்கு ஏற்றிவிடுவார்கள். நல்ல முறை, நியாயமானது, திறமையான பிள்ளை சின்னவர்களை வென்றுகொண்டே இருக்கக் கூடாது. ஆனால் வீட்டுக் கணக்கில் இதைப் பாருங்கள். படி ஏறியதும் ஆட்டத்தைப் புதிதாக அமைக்க வேண்டும், பயிற்சி மணித்தியாலம் கூடும், பக்கத்து ஊர்ப் போட்டிகளில் அந்தப் படியில் போதிய எதிராளிகள் இல்லாததால் தூரத்துக்குப் போக வேண்டும், பிறகு தேசியப் போட்டி. அமெரிக்காவின் பெரிய தேசியப் போட்டிகளில் ஒன்று பல பத்தாண்டுகளாக இந்தியானா மாநிலத்தின் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் ஜூலை மாதத்தில் நடக்கிறது, குடும்பங்கள் நாட்டின் மற்றக் கரையில் இருந்து ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு வருகின்றன. அதற்கு மேல் உலகப் போட்டி. 2023இல் லிவர்பூலில் நடந்தது, 2024இல் சுவீடனின் நோர்சேப்பிங்கில். இவற்றில் ஒரு நாட்டின் பெயரில் நிற்பதற்கு அந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சங்கம் வேண்டும். இதற்கெல்லாம் முடிவில் கிடைப்பது பதக்கம், வாழ்க்கை நடத்தக்கூடிய பரிசுத்தொகை எதுவும் இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதல் உண்டு, பல்கலைக்கழக பாண்ட் குழுக்களில் கோல் சுழற்றுபவராகச் சேர்ந்தால் சில இடங்களில் படிப்புக்கு உதவிப்பணம் கிடைக்கும்.

கிளிநொச்சியில் இருந்து ஒரு பிள்ளை சுவீடனுக்குப் போவதாக ஒரு பேச்சுக்கு வைத்து, பயணத்தை மட்டும் எழுதினேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, தாயும் போக வேண்டும். விமானச் சீட்டு ஆளுக்கு இரண்டு லட்சத்துக்குக் கீழே வருவது அருமை. சுவீடன் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனில் இருந்து 90 யூரோ, பன்னிரண்டு வயது தாண்டியவளுக்குக் குறைந்த கட்டணம் கிடையாது. விசாவுக்குக் கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு ஒரு பயணம், 330 கிலோமீற்றர் அளவு, இரவு பஸ், இரண்டு பேர். வங்கிக் கணக்கில் போதிய இருப்புக் காட்ட வேண்டும் என்ற இடத்தில் தங்கை பேனாவை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள். "அக்கா, இதை இவளுக்கு முன்னால வாசிக்காதை."

நான் வாசித்தேன். பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை. "அப்ப எங்கட பாண்ட் போட்டிக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். இந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது, ஏனென்றால் அதற்கும் நாங்கள் ஒருநாளும் முழுக்கணக்குப் போட்டதில்லை. அவ்வப்போது கேட்ட காசை அவ்வப்போது கொடுத்தோம், அவ்வளவுதான்.

கொப்பியில் அடுத்த பக்கத்தில் அதை எழுதினோம். எங்கள் பாடசாலைகளிலும் படிகள் உண்டு: வலயம், மாகாணம், தேசியம். வலயத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போனால் போதும், காலையில் சோற்றுப் பார்சலோடு போய்ப் பின்னேரம் வரலாம். வென்றால் மாகாணம், யாழ்ப்பாணம் என்றால் 65 கிலோமீற்றர் அளவு, நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு பஸ், வாத்தியங்களுக்கு ஒரு லொறி அல்லது லான்ட்மாஸ்ரர், ட்ரம்மை மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. வென்றால் தேசியம், கொழும்போ கண்டியோ குருநாகலோ, குறைந்தது ஒரு இரவு தங்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியரும் துணைக்கு இரண்டு மூன்று தாய்மாரும். வலயத்தில் தோற்ற வருடம் எங்கள் வீட்டுச் செலவு ஒரு சோடி வெள்ளைக் கையுறையும் சப்பாத்துப் பொலிஷும். மாகாணத்துக்குத் தெரிவான வருடம் தொப்பிக் குஞ்சம், தோளில் போடும் கயிறு, புதிய வெள்ளைச் சப்பாத்து, தையல்கூலி, பஸ் பங்கு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து பத்தொன்பதாயிரம் தாண்டியது. அந்தக் காசை ஐந்து நாளுக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். தெரிவு பற்றிய சந்தோசத்தை வீட்டில் ஒருநாள்கூட முழுதாகக் கொண்டாடவில்லை, அடுத்த நாளே தங்கை தோட்டை அடைவு வைக்கப் போனாள். யாரையும் குறைசொல்லி எழுதவில்லை, அந்தப் பாடசாலைக்கும் கடிதம் தாமதமாகத்தான் வந்திருக்கும். ஆனால் தெரிவானால் இவ்வளவு வரும் என்று தை மாதத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் தோடு காதில் இருந்திருக்கும்.

தை மாதம் என்று சொன்னதில் இன்னொரு விசயம் இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் பாடசாலை தொடங்கியதும் பாண்ட் பயிற்சி தொடங்கும், மாசி பங்குனியில் விளையாட்டுப் போட்டிகள். அதே நேரம் காலபோக நெல் வயலில் நிற்கிறது அல்லது வெட்டுக்கு வருகிறது. உரத்துக்கும் மருந்துக்கும் உழவுக்கும் கையில் இருந்ததெல்லாம் போன மாதங்கள் அவை. நெல்லை வெட்டி, காயவைத்து, வியாபாரி வந்து, அவர் காசு தந்து, கடனைக் கொடுத்து, மிச்சம் கைக்கு வரும்போது சித்திரை. போட்டி முடிந்துவிடும். வருட வருமானம் போதாது என்பது ஒரு பிரச்சினை, இருக்கும் வருமானமும் தேவைப்படும் மாதத்தில் இல்லை என்பது வேறு பிரச்சினை. இரண்டாவதை ஒழுங்குபடுத்தலாம். தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து சீட்டுப் போடுகிறோம், பாண்ட் பிள்ளைகளின் தாய்மார் ஆடியில் தொடங்கி மாதம் ஆயிரம் போட்டால் தையில் ஆளுக்குக் கையில் காசு இருக்கும். நுண்கடன் கம்பனிக்காரரின் கிழமைத் தவணையை விட இது ஆயிரம் மடங்கு மேல். அந்தத் தவணைகள் வன்னிப் பெண்களை என்ன செய்தன என்று எங்களுக்குத் தெரியும்.

எழுதாத செலவு ஒன்றும் இருக்கிறது. தங்கை கார்மென்ட்ஸில் வேலை. மாகாணப் போட்டிக்குத் துணைக்குப் போன நாளுக்குச் சம்பளம் வெட்டு, அதோடு மாதம் முழுவதும் லீவு இல்லாமல் வந்தால் கிடைக்கும் வரவுப் படியும் போனது. ஒருநாள் போனது கணக்கில் இரண்டு மூன்று நாளாக வெட்டியது. கணவன் இல்லாத வீடு, வேறு யாரை அனுப்புவது? வன்னியில் இப்படிப் பெண்கள் தனியே சுமக்கும் வீடுகள் ஒன்றிரண்டு இல்லை. துணைக்கு வரும் தாய்க்கு அந்த நாள் கூலியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ கொடுத்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். சிரித்தார்கள். நான் சிரிப்பதற்குக் கேட்கவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும், நன்றியோடு சொல்கிறேன். 2009க்குப் பிறகு இடம்பெயர்ந்து வந்து கூரை இல்லாத வகுப்பறைகளில் திரும்பத் தொடங்கிய பாடசாலைகளுக்கு முதலாவது ட்ரம்மும் முதலாவது பியூகிளும் உங்கள் காசில்தான் வந்தன. அந்தச் சத்தம் திரும்பக் கேட்ட நாளில் வேலியோரம் நின்று அழுத பெரியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வாத்தியம் ஒருதரம் வாங்கி முடிகிற பொருள் இல்லை. ட்ரம் தோல் கிழியும், குச்சி உடையும், ஊதும் வாத்தியத்தின் வால்வு இறுகும், கயிறு அறும். அதற்கு யாரும் காசு அனுப்புவதில்லை, தோலுக்கு முன்னால் நின்று படம் எடுக்க முடியாது என்பதாலோ என்னவோ. இரண்டு வருடத்தில் நல்ல ட்ரம் களஞ்சிய அறையில் தூசி பிடித்துக் கிடக்கிறது. 2022இல் டொலர் சில மாதத்துக்குள் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதிச் சாமான் எல்லாம் அதோடு ஏறியது, அன்று கிழிந்த தோல்களில் சில இன்னும் மாற்றப்படவில்லை. புதிய செட் ஒன்றுக்குக் கொடுக்கும் காசைப் பாதியாக்கி, மிச்சத்தை ஐந்து வருடத்துக்கு மாஸ்ரரின் படிக்கும் தோலுக்கும் பஸ்ஸுக்கும் என்று பிரித்துத் தந்தால் அந்தப் பாண்ட் ஐந்து வருடமும் ஒலிக்கும்.

உடுப்பிலும் இப்படித்தான். பாடசாலையின் பெயரில் வாங்கி, துவைத்து, மடித்து, அளவு எழுதி வைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும் இடங்களில் பெற்றோர் செலவு பாதிக்கு மேல் குறைகிறது. ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாகத் தைக்க வேண்டும் என்ற இடங்களில் ஏழைப் பிள்ளை கேட்காமலே விலகிவிடும். "எனக்கு விருப்பமில்லை ரீச்சர்" என்று சொல்லும். அந்த விருப்பமின்மையை நம்பாதீர்கள், நான் அப்படிச் சொன்ன பிள்ளையாக இருந்திருக்கிறேன்.

இவ்வளவு செலவழித்து என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: சான்றிதழ் கிடைக்கும், பல்கலைக்கழக அனுமதியில் தேசிய, சர்வதேச மட்டத் திறமைகளுக்கென ஒரு சிறிய விசேட ஒதுக்கீடும் இருக்கிறது. அதற்காக மட்டும் பிள்ளையை இதில் விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அந்த வாசல் மிக ஒடுக்கமானது. ஆனால் ஐம்பது பேருக்கு முன்னால் நிமிர்ந்து நடந்த பிள்ளை வகுப்பில் கை உயர்த்துவதையும், கடைக்குப் போய் மிச்சக் காசு பிழை என்று சொல்லித் திருப்பி வாங்குவதையும் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். முன்பு அவள் வீட்டுக்கு ஆள் வந்தால் குசினிக்குள் போய் நிற்கிறவள்.

அதனால் நாங்கள் இப்படி முடிவெடுத்தோம். உலகப் போட்டி, கண்ணாடிக் கல் உடுப்பு எல்லாம் கொப்பியில் இருக்கட்டும், கிழிக்கவில்லை. இந்த வருடம் பாண்ட் போட்டிக்கு ஆடியில் இருந்தே சீட்டு, நான் ஒரு பங்கு. கனடாவில் இருந்து மார்கழியில் ஒருவர் வருகிறார், ஒரேயொரு பேட்டன் கோல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பெட்டிக்குள் வைத்தால் அனுப்பும் கூலி இல்லை. அளவு கேட்டார். நேற்றுப் பின்னேரம் அவளைச் சுவரோரம் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லித் தையல் நாடாவால் அளந்தோம். 26 வந்தது. "மார்கழிக்குள்ள இன்னும் வளர்ந்திடுவன் பெரியம்மா, 27 எண்டு சொல்லுங்கோ" என்றாள். 27 என்றே செய்தி அனுப்பினேன். அதுவரைக்கும் பழகுவதற்குப் பழைய கம்பியின் மிச்சத் துண்டில் 27 அளந்து அறுத்து வைத்திருக்கிறாள், றப்பர் மட்டும் இன்னும் வாங்கவில்லை.